அட்டாலியில் தூங்கும் டெலஸ்கோப்

செகண்ட் இயர் படிக்கும்போது, சேர்த்து வைத்திருந்த ஸ்காலர்ஷிப் பணத்தில் ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டி மேல் சனிக்கோளின் கலர் படம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "525 எக்ஸ்". பவானியில் எங்க வீட்டு மொட்டை மாடியில் அன்னிக்கே ஸ்டாண்டை நிறுத்தி, இருக்கிறதிலேயே பெரிய பவரைப் போட்டு, பளிச்சுனு இருந்த ஒரு புள்ளியைத் தேடினேன். அரை மணி நேரம் தேடியும் சாம்பல் கலரில் ஒரு கலங்கல்தான். நாலு நாள் இதே கதை. அஞ்சாம் நாள் அது அட்டாலிக்குப் போயிருச்சு, பழைய கிரைண்டருக்குப் பக்கத்தில்.

விசாரித்துப் பார்த்தால் நம்ம கிளாஸிலேயே இன்னும் மூணு பேர் வீட்டு அட்டாலியில் இப்படி ஒண்ணு தூங்குது. "சீப் டெலஸ்கோப் எல்லாம் வேஸ்ட்டு மச்சி" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம வரிசையை மாத்திட்டோம் என்பது என் கருத்து. வெறுங்கண், பைனாகுலர், அப்புறம்தான் டெலஸ்கோப். நாம நேரா மூணாவது படியில் காலை வைத்து விழுந்துவிட்டு, படிக்கட்டைத் திட்டுகிறோம்.

இஞ்சினியரிங் படிக்கிறோமே, அந்த 525-ஐ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் லென்ஸின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். என்னோடது 700 மி.மீ. 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 175 மடங்கு. கூடவே வந்த மூணு மடங்கு பார்லோ லென்ஸையும் சொருகினால் 525. கணக்கு சரி. ஆனால் ஒரு டெலஸ்கோப் தெளிவாகக் காட்டக்கூடிய எல்லை, முன் லென்ஸின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து ரெண்டால் பெருக்கினால் வருவதுதான், சுமாராக. என் லென்ஸ் 60 மி.மீ. அதாவது 120 மடங்கு. அதுக்கு மேலே போனால் படம் பெருசாகும், மங்கிக் கலங்கியும் போகும்.

ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு டெலஸ்கோப்பைப் பற்றிப் படித்தால், முதலில் சொல்வது அதன் கண்ணாடியின் விட்டம்: 2.34 மீட்டர். எத்தனை "எக்ஸ்" என்று யாரும் பேசுவதில்லை. எவ்வளவு வெளிச்சத்தைச் சேர்த்துப் பிடிக்குது என்பதுதான் அங்கே கேள்வி. பெட்டியில் எக்ஸை அச்சடித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. நமக்குத்தான் தெரியலை.

எனக்கு வானம் திரும்பக் கிடைத்தது அம்மாயி வீட்டில். அந்தியூர் பக்கம், ராத்திரி நல்ல இருட்டு. வாசலில் ஜமக்காளம் விரித்துப் படுத்திருந்தபோது போனில் ஆப்பைத் திறந்து, "ப்ளையடீஸ்" எங்கேன்னு தேடிக்கொண்டிருந்தேன். அம்மாயி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆறாமீனையா தேடற கண்ணு? கார்த்திகை மாசம் பொழுது சாயக் கிழக்கால முளைக்கும். தை மாசம் சோறு திங்கற நேரத்துக்கு உச்சிக்கு வந்துரும்" என்றார். கடிகாரம் இல்லாத காலத்தில் தண்ணி கட்டப் போனவர்.

இங்கிலீஷ் மீடியத்தில் பன்னிரண்டு வருஷம் படித்த எனக்கு அன்னிக்குத்தான் உறைத்தது. கார்த்திகை மாசப் பௌர்ணமி நிலா, கார்த்திகை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மார்கழியில் திருவாதிரை, அதாவது பீடல்ஜூஸ். சித்திரையில் சித்திரை, அதாவது ஸ்பைகா. மாசத்தோட பேரிலேயே ஸ்டார் மேப் இருக்கிறது. நான் அதை ஜாதகத்துக்கு மட்டும்னு நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன்.

ரெண்டு மாசம் வெறுங்கண்ணோடு பழகினேன். அப்புறம் சித்தப்பாவிடம் ஒரு 10 x 50 பைனாகுலர் கடன். ஆறாமீனில் ஆறுக்குப் பதில் ஏகப்பட்டது. சுவரில் சாய்ந்து கை ஆடாமல் பிடித்தால் வியாழனுக்குப் பக்கத்தில் நிலாக்கள், பொடிப் புள்ளிகளாக. அதுக்குப் பிறகுதான் அட்டாலியில் ஏறினேன்.

இந்தத் தடவை பகலிலேயே தூரத்தில் தெரியும் ஊராட்சிக்கோட்டை மலையைப் பார்த்து ஃபைண்டரைச் சரி செய்தேன். ஸ்டாண்டு ஆடாமல் இருக்க நடுவில் தண்ணி பாட்டில் கட்டித் தொங்கவிட்டேன். 20 மி.மீ. ஐபீஸ், வெறும் 35 மடங்கு. 1610-ல் கலிலியோ வியாழனின் நாலு நிலாவைப் பார்த்தது சுமார் 20 மடங்கில்தான். 35-ல் ஒரு கோள் வட்டத்துக்குள் அஞ்சு நிமிஷம் நிற்கும். 525-ல் இருபது விநாடியில் ஓடிவிடும், பூமி சுற்றுகிற வேகத்துக்கு. முதல் தடவை நான் தேடித் தேடித் தோற்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியோடு ஐபீஸில் மாட்டுகிற "சன் ஃபில்டர்" வந்திருந்தால் உடனே தூக்கிப் போடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போயிரும். சூரிய ஃபில்டர் எப்பவும் முன் லென்ஸுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஆர் ரெட்டிகுலை என்ற, ஒளி கூடிக் குறையும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், அது என்னன்னு சாதாரண ஜனங்களுக்குப் புரிய ஒரு சின்ன நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் உருதுவிலும் வந்தது. தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நாமும் அதைச் செய்யலாம். புது டெலஸ்கோப்புக்கு ஃபண்டு கேட்டு லெட்டர் எழுதுவதற்கு முன்னால், அட்டாலியில் இருக்கிறதை இறக்கி ஹாஸ்டல் கிரவுண்டுக்குக் கொண்டுவாங்க. நாள் பார்க்க தினசரி காலண்டர் போதும்: வளர்பிறை அஷ்டமி. நல்ல காரியத்துக்கு ஆகாதும்பாங்க. நிலாவைப் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை. பாதி நிலாவின் ஓரத்தில் வெயில் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீளமாகத் தெரியும். பௌர்ணமியில் இது தெரியாது. மெஸ் அண்ணா, வாட்ச்மேன் அண்ணா எல்லாரும் வரிசையில் நிற்கட்டும்.

கண்புரை ஆபரேஷன் முடிந்து எங்க வீட்டில் தங்கியிருந்த அம்மாயியை, அப்படி ஒரு அஷ்டமியில்தான் மாடிக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கலை. "என்ன கண்ணு இது, சுண்ணாம்புச் சுவத்துல அம்மைத் தழும்பாட்ட இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறாமீனு இதுல தெரியுமா?" என்று கேட்டார்.

அது முளைக்க இன்னும் நேரம் இருந்தது. எவ்வளவு நேரம்னு எனக்கு ஆப் பார்க்காமலே தெரிந்தது.