திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை

இந்த வாரம் சம்பா நாற்றங்கால் பத்தி எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல. இன்னைக்கு வேற விஷயம். என் மகன்கிட்ட கேட்டு, அவன் சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன்.

பையனுக்கு இருபத்தி நாலு வயசு. மயிலாப்பூர்ல மூணு பேரோட ரூம், ஆபீஸ் தி.நகர்ல. போன தை மாசம் அறுப்புக்கு வரலை. போன் எடுக்கிறதே இல்லை, எடுத்தாலும் "ம்", "சரிப்பா", அவ்வளவுதான். சம்பளம் வந்ததும் கொழுப்பு ஏறிடுச்சுன்னு நான் வீட்ல கத்தினேன். அவங்க அம்மாவுக்குத்தான் மனசு கேக்கலை. மாசியில ரெண்டு பேரும் பஸ் ஏறினோம்.

போய்ப் பார்த்தா பத்து நாளா வேலைக்குப் போகலை, குளிக்கலை. "என்னடா தம்பி ஆச்சு?"ன்னா, "ஒண்ணுமே தோணலைப்பா. படுத்தா தூக்கம் வரலை, எழுந்தா ஏன் எழுந்தோம்னு இருக்கு"ன்னான். கூட இருந்த பையன்தான் அடையாறுல ஒரு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

இது மனச்சோர்வு, ஒரு நோய்னு டாக்டர் சொன்னார். மாத்திரை வேலை செய்யவே ரெண்டு மூணு வாரம் ஆகும், நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் நாமளா நிறுத்தக் கூடாது, கூடவே கவுன்சிலிங்கும் வேணும்னார். எனக்கு வெட்கமா இருந்துச்சு. நெல்லு இலை பழுப்பேறினா நெல்லையா திட்டுறோம்? துத்தநாகச் சத்துக் குறைன்னு ஏக்கருக்கு பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போடுறோம். பெத்த பிள்ளையை மட்டும் திட்டியிருக்கேன்.

மூணு மாசம் ஊர்ல வச்சிருந்தோம். பங்காளி ஒருத்தர் கல்யாணம் பண்ணி வை, சரியாப் போயிடும்னார். வர்ற பொண்ணு என்ன மாத்திரையா? இன்னொருத்தர் குறி கேக்கச் சொன்னார். கோவிலுக்கு நானும்தான் போனேன், மாத்திரையை நிறுத்தலை.

அவனைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி நான் செஞ்ச முதல் வேலை, திண்ணை மூலையில கிடந்த பூச்சி மருந்து டப்பா எல்லாத்தையும் எடுத்து மோட்டார் கொட்டகையில வச்சுப் பூட்டினது. கை நடுங்குச்சு. சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டேன். இதைப் படிக்கிற விவசாயிங்க யாரும் இதை சாதாரணமா நினைக்காதீங்க. நம்ம வீட்டுல விஷம் எப்பவும் கை எட்டுற தூரத்துலதான் இருக்கு. மனசு உடைஞ்ச அந்த ஒரு நேரத்தைத் தாண்டிட்டா பிழைச்சுக்கிறவங்க நிறைய பேர்.

சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல ஆரம்பிச்ச சிநேகான்னு ஒரு தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கு. இதே காரணத்துக்காக அவங்க எங்க காட்டுமன்னார்கோவில் பக்கம் வந்து, ரெண்டு ஊர்ல பொதுக் கட்டடம் ஒண்ணுல பூட்டு போட்ட பெட்டிகள் வச்சு, விவசாயிங்க மருந்தை அதுல வைக்கப் பழக்கினாங்க. அந்த அமைப்பு இருக்கிறது ராஜா அண்ணாமலைபுரம், மகன் ரூமுக்குப் பக்கம். அவங்க எங்க ஊர் வரைக்கும் வந்தாங்க, அங்கேயே இருந்த என் பிள்ளைக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறது தெரியலை. கேட்டா, "தெரிஞ்சிருந்தாலும் போயிருக்க மாட்டேன்பா, பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு பயம்"ங்கிறான். அந்தப் பயத்தை ஊட்டினது நம்மளை மாதிரி ஆளுங்கதான். டீக்கடையில "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு சிரிச்சவன்ல நானும் ஒருத்தன்.

போலீஸ் கேஸாகும்னு மறைச்ச காலமும் உண்டு. 2017 மனநலச் சட்டம் வந்த பிறகு, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்களைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பார்க்கணும். ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் 14416-க்கு போன் போட்டா தமிழ்லயே பேசலாம், அரசாங்கத்தோட டெலிமானஸ், காசு கிடையாது. அந்த நம்பரை எங்க சொசைட்டி சுவத்துல எழுதச் சொல்லிக் கேட்டிருக்கேன். உரம் விலைப் பட்டியலுக்குப் பக்கத்துல இடம் இருக்கு, ஆனா செயலாளர் யோசிக்கிறார்.

பையன் ஆடி மாசம் திரும்ப வேலைக்குப் போயிட்டான். மாத்திரை இன்னும் ஓடுது. நடுவுல ரெண்டு நாள் மறுபடி படுத்துட்டான், டாக்டர்கிட்ட போனான், எழுந்துட்டான். நேத்து சாயங்காலம் அவனாவே போன் பண்ணி, "வீராணம் எத்தனை அடிப்பா நிக்குது?"ன்னு கேட்டான். நாப்பத்தஞ்சுன்னு சொன்னேன்.