மின்சாரக் காருக்கு எந்த டயர்?



வட்டக்கச்சியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரத்தில் ஆசிரியை ஒருவர் என்னை மறித்துக் கேட்ட கேள்விதான் இம்மாதத்தின் விடயம். 2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதன் பின்னர், அவரும் கணவரும் கடனெடுத்து ஒரு பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வாங்கினார்கள். கணவருக்கு வேலை வெளி மாவட்டத்தில். காரை ஓட்டுபவர் ஆசிரியைதான். தன் பிள்ளைகளோடு அயல் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு தினமும் கிளிநொச்சிக்குப் போய்வருகிறார். இப்போது நான்கு டயரும் தேய்ந்துவிட்டன.

"கனடாவிலை இருக்கிற அண்ணா, ஓல் சீசன் பெர்போமன்ஸ் டயர்தான் போடவேணும் எண்டுறார். கடைக்காரர், எது போட்டாலும் ஓடும், விலை குறைஞ்சதைப் போடுங்கோ எண்டுறார். பக்கத்து வீட்டுத் தம்பி, யப்பானிலை பாவிச்ச டயர் நல்லதாம் எண்டுறான். மூண்டு பேரும் மூண்டு விதம். ஓடுறது நான், தங்கச்சி" என்றார்.

பெண்கள் பக்கத்தில் டயரைப் பற்றியா என்று சிலர் நினைக்கக்கூடும். நான்கு டயர் வாங்கினால் ஓர் ஆசிரியையின் ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். அந்தச் சில்லுகளின் மேல் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். டயர்க் கடைக்குப் பெண் ஒருவர் தனியாகப் போனால் "ஐயா வரேல்லையோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தம்பியையோ மகனையோ கூட்டிப் போனால் விளக்கமெல்லாம் அவனுக்குத்தான். ஆனால் டயர் தன்னைப் பற்றிய தகவலை எல்லாம் தன் பக்கவாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் அதை வாசிக்கலாம்.

முதலில் அண்ணாவின் ஆலோசனையைப் பார்ப்போம். அவர் இருக்கும் நாட்டுக்கு அது பொருந்தும். குளிர் நாடுகளில் வெப்பநிலை ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் இறப்பர் இறுகி, வீதியைப் பிடிக்கும் தன்மையை இழக்கிறது. அதனால் அங்கே பனிக்கால டயர் என்று ஒன்றைத் தனியாகச் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிக்காலத்தில் அதைப் பூட்டாமல் ஓடக்கூடாது என்ற சட்டம் 2008 முதல் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றுவது சிரமம் என்பவர்களுக்காகக் கோடைக்கும் குளிருக்கும் நடுவில் செய்யப்பட்டதுதான் இந்த "ஓல் சீசன்". "எம்+எஸ்" என்ற எழுத்துகள் சேறும் பனியும் என்பதைக் குறிக்கும். மலை உருவத்துக்குள் பனிப்பூ வரைந்திருந்தால் அது பனியில் பரிசோதிக்கப்பட்டது.

எமக்கு எங்கே அந்தக் குளிர்? நுவரெலியாவில்கூடத் தை, மாசியில் சில விடியற்காலைகளில்தான் உறைபனி படியும். வன்னியில் இருப்பது இரண்டே பருவம்: தார் உருகும் வெயில், வெள்ளம் பாயும் மாரி. குளிருக்காகச் செய்துகொண்ட சமரசத்துக்கு நாம் பணம் கொடுக்கத் தேவையில்லை. அங்கே "கோடை டயர்" என்று சொல்வது எதுவோ அதுவே எமக்கு வருடம் முழுவதற்குமான டயர். கடையில் இருப்பவற்றில் மழையில் நன்றாகப் பிடிப்பது எது என்று பார்த்து எடுப்பதே முக்கியம்.

"பெர்போமன்ஸ்" என்பது வேகத்தையும் வளைவில் இறுக்கமாகத் திரும்புவதையும் பற்றிய சொல். டயரில் அளவுக்கு அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர், வி என்றால் 240. ஏ9 வீதியில் மாடு குறுக்கே வராமல் எழுபதில் போக முடிந்தாலே பெரிய காரியம். உங்கள் காரின் கைநூல் கேட்கும் எழுத்தைவிடக் குறைந்ததைப் போடவேண்டாம், அவ்வளவே. அதைவிடக் கூடியதற்காகக் காசைக் கொட்டவும் வேண்டாம்.

மின்சாரக் காருக்கென்று கவனிக்கவேண்டிய விடயம் பாரம். ஒரு சிறிய சுசுகி அல்ரோ எழுநூறு கிலோ அளவில் இருக்கும். லீஃப் ஆயிரத்து ஐந்நூறு கிலோ அளவில் நிற்கிறது. காரணம் அடியில் கிடக்கும் பற்றரி. இதனோடு மின்மோட்டாரின் குணமும் சேர்கிறது. பெற்றோல் இயந்திரம் சிறிது சிறிதாக வேகம் எடுக்கும். மின்மோட்டாரோ காலை வைத்த கணத்திலேயே முழு இழுவையையும் சில்லுக்குக் கொடுத்துவிடும். லீஃப்பில் இழுப்பது முன்சில்லு என்பதால் முன்டயர்கள் கெதியாகத் தேயும். ஆகவே பத்தாயிரம் கிலோமீற்றருக்குள் ஒரு தடவை முன்னையும் பின்னையும் மாற்றிப் பூட்டவேண்டும். மெதுவாகக் காலை வைத்து எடுப்பவரின் டயர் கூடுதல் காலம் உழைக்கும் என்பதையும் சொல்லவேண்டும். இதில் பெண்கள் பொதுவாக நல்ல ஓட்டுநர்கள் என்பது என் அபிப்பிராயம்!

டயரில் உள்ள அளவை இப்படி வாசிக்கலாம். லீஃப் கார்களில் அதிகம் காணப்படுவது 205/55 ஆர் 16. அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு, இரும்பு வளையத்தின் விட்டம் 16 அங்குலம். அடுத்து வரும் இலக்கம் பாரத்துக்குரியது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 88 என்றால் 560 தான். அளவு ஒன்றாக இருந்தாலும் இந்த இலக்கம் குறைந்த டயரைக் கடையில் எடுத்துத் தரக்கூடும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலும் கைநூலிலும் என்ன இருக்கிறதோ அதற்குக் குறையக்கூடாது. "எக்ஸ்எல்" என்று இருந்தால், கூடிய காற்றழுத்தத்தில் கூடிய பாரம் தாங்கும் என்று பொருள். பாரமான மின்சாரக் கார்கள் பலவற்றுக்கு அது கட்டாயம்.

"கொஞ்சம் பெரிசு போட்டால் குழியிலை அடிபடாது" என்றும் சிலர் சொல்வார்கள். அளவு மாறினால் வேகமானி பிழையாகக் காட்டும், திருப்பும்போது டயர் உரசும். பக்கச் சுவர் உயரமான டயர் குழியைத் தாங்கும் என்பது மெய். அதை யோசிக்கவேண்டியது கார் வாங்கும்போது. பிவைடி அற்றோ 3 போன்ற புதிய கார்கள் 18 அங்குலச் சில்லோடு வருகின்றன. பார்க்க வடிவு. கிரவல் ஒழுங்கைக் குழியில் விழுந்தால் வளையம்தான் நெளியும்.

உருளும் தடை என்று இன்னொன்று இருக்கிறது. டயர் உருளும்போது தரையில் நசுங்கி நிமிர்வதில் சக்தி வீணாகும். பெற்றோல் கார் தன் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடிப்பதால் டயர் விழுங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்சாரக் காரில் அப்படி வீணாவது குறைவு. ஆகவே டயர் சரியில்லையென்றால் ஓடும் தூரம் குறைவது உடனே தெரியும். பழைய லீஃப் புதிதாக இருந்தபோதே ஒரு தடவை ஏற்றிய மின்னில் 120, 130 கிலோமீற்றர்தான் ஓடும். இப்போது பற்றரி வயதானது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் அறுபது கிலோமீற்றருக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். உருளும் தடை குறைந்த டயர்களில் பெரும்பாலும் "ஈகோ" என்ற சொல் பெயரிலேயே இருக்கும். ஆனால் தடையைக் குறைக்கப்போய் மழைப்பிடிமானத்தையும் குறைத்துவிட்ட மலிவு டயர்களும் உண்டு. தூரமா, பிடிமானமா என்ற கேள்வி வந்தால் நான் பிடிமானத்தின் பக்கம். தூரம் குறைந்தால் வழியில் நின்று மின் ஏற்றலாம். காற்றை மாதம் இரு முறை பார்த்தாலே தூரத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

மழைப்பிடிமானத்தை எப்படி அறிவது? பல டயர்களின் பக்கவாட்டில் அமெரிக்க முறைப்படி மூன்று குறிப்புகள் இருக்கும். நனைந்த வீதியில் பிடிமானத்துக்கு ஏஏ, ஏ, பி, சி. வெப்பம் தாங்குவதற்கு ஏ, பி, சி. எமது வெயிலுக்கு இரண்டிலும் ஏக்குக் குறையாமல் எடுங்கள். மூன்றாவது தேய்மான இலக்கம். அதை ஒரே கம்பனியின் டயர்களுக்கிடையே ஒப்பிடலாம். வேறு கம்பனியோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

அடுத்தது தவாளிப்பு. புதிய கார் டயரில் அதன் ஆழம் எட்டு மில்லிமீற்றர் அளவில் இருக்கும். வீதியில் கிடக்கும் தண்ணீர் இந்தத் தவாளிப்பு வழியேதான் வெளியேற வேண்டும். அது தேய்ந்துபோனால் தண்ணீருக்கு வழியில்லை. டயர் தண்ணீரின் மேல் வழுக்கும், திருப்பினாலும் திரும்பாது, பிறேக் அடித்தாலும் நிற்காது. தவாளிப்பின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்தால் மீதி 1.6 மில்லிமீற்றர்தான். மாரியில் அதுவரை காத்திருக்கவே கூடாது. பிள்ளையின் அடிமட்டத்தை வைத்து அளந்து மூன்று மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தைக் கண்டவர்கள் நாங்கள். ஐப்பசிக்கு முன்னரே அளந்து பார்ப்பது நல்லது. பாயும் வெள்ளத்தைக் கடக்க எந்த டயரும் உதவாது. அந்த நாளில் காரை எடுக்கவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்ன பாவித்த டயருக்கு வருவோம். தவாளிப்பு ஆழமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் இறப்பருக்கு வயது உண்டு. டயரில் "டி.ஓ.ரி." என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. அந்த இலக்கம் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். யப்பானிலிருந்து வருவது பனிக்கால டயராகவும் இருக்கலாம். அது எமது வெயிலில் மெழுகுபோல் தேயும். தேய்ந்த டயரில் கத்தியால் கோடு வெட்டிப் புதிதுபோல் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். புதிய டயரிலும் வாரத்தைப் பார்க்கவேண்டும். களனியில் சியெட் நிறுவனம் கார்களுக்கான ரேடியல் டயர் செய்கிறது. உள்ளூர் டயர் என்றால் கடையில் நெடுங்காலம் கிடந்திராத ஒன்றைக் கேட்டு வாங்குவது சுலபம். ஆசியாவுக்கு இறப்பர்க் கன்று முதலில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று கம்பகாவின் ஹெனரத்கொட தோட்டம், 1876 இல். அந்த நாட்டில் இருந்துகொண்டு வயதான டயரை நாம் ஏன் வாங்கவேண்டும்?

நான்குக்கும் பணம் இல்லையென்றால் இரண்டு வாங்குங்கள். புதிய இரண்டையும் பின்னால் பூட்டவேண்டும். பலர் முன்னால்தான் பூட்டுவார்கள். பின்சில்லு மழையில் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைத் திருப்பி எடுப்பது கடினம். இரண்டும் ஒரே கம்பனி, ஒரே வகையாக இருக்கவேண்டும்.

இனிச் சொல்வதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். காரின் பின்பெட்டியைத் திறந்து, மேலதிகச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். லீஃப் கார்கள் பலவற்றில் அது இல்லை. ஒரு போத்தல் பசையும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் இருக்கும். சிறிய ஆணித் துவாரத்துக்கு அது போதும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. பனங்கருக்கும் கூர்க்கல்லும் கிடக்கும் ஒழுங்கையில், மாலை ஆறு மணிக்குப் பின், பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு அந்தப் போத்தல் என்ன செய்யும்? விலையுயர்ந்த "பெர்போமன்ஸ்" டயருக்குக் கொடுக்க இருந்த மிச்சப் பணத்தில் அதே அளவில் ஒரு சில்லும் ஜாக்கும் வாங்கிப் பின்பெட்டியில் போடுங்கள் என்று அந்த ஆசிரியைக்குச் சொன்னேன். ஜாக் வைக்கும்போதும் கவனம் வேண்டும். காரின் அடி முழுவதும் பற்றரி. ஓரத்தில் இதற்கென்று அடையாளமிட்ட இடங்களில் மாத்திரமே வைக்கலாம். வீதியோரக் கடையில் பழக்கதோசத்தில் நடுவில் வைத்து உயர்த்தினால் சேதமாவது காரின் மிக விலையான பாகம். நீங்கள் அருகில் நின்று இடத்தைக் காட்டுங்கள். புதிய மின்சாரக் கார் டயர்கள் சிலவற்றின் உள்ளே சத்தத்தைக் குறைக்கப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். ஒட்டுப் போடுபவர் அந்த இடத்துப் பஞ்சை அகற்றிவிட்டுத்தான் ஒட்டவேண்டும்.

கார் இல்லாத பெரும்பாலான எமக்கும் இது பொருந்தும். டியோ, ஸ்கூட்டி பெப் போன்றவற்றில் இருக்கும் 90/100-10 என்ற எழுத்தையும் இதேபோல் வாசிக்கலாம். வாரமும் ஆண்டும் அதிலும் உண்டு. மின்சார ஸ்கூட்டரிலும் காற்றுக் குறைந்தால் ஓடும் தூரம் குறையும்.

டயர் மாற்றியதும் பழைய நான்கையும் "கிணற்றடியில் கிடக்கட்டும்" என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். டயருக்குள் தேங்கும் மழைத்தண்ணீர் டெங்கு நுளம்புக்கு மிக விருப்பமான இடம். 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு பதிவானது. கடையிலேயே விட்டுவாருங்கள். பூக்கன்று வைக்கவோ பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டவோ வேண்டுமென்றால், தொங்கும் டயரின் அடியில் நான்கைந்து துவாரமிடுங்கள். நிலத்தில் கிடப்பதன் உட்பக்கத்தை மண்ணால் இறுக நிரப்பிவிடுங்கள்.