கண்ணை விட்டுத் தோலை உரிப்பதா?

“ஐயா, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்!”

பள்ளிக்கூட வாசலிலே பிள்ளையை இழுத்துவந்து ஒப்படைக்கும் தந்தை சொல்லும் சொல் இது. இராயபுரத்திலும் கேட்டிருக்கிறோம், திருவொற்றியூரிலும் கேட்டிருக்கிறோம். சொல்பவர் கொடியவரல்லர். துறைமுகத்திலே இரவெல்லாம் கண்விழித்து, லாரிப் புழுதியைக் குடித்து, மகனாவது நாலெழுத்துப் படித்து நிமிரட்டும் என்று ஏங்குபவர். ஏக்கம் சரி. வழி?

1918ஆம் ஆண்டு பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்களே, கூலிக்காக மட்டுமா கண்டார்கள்? மேலதிகாரியின் ஏச்சையும் அடியையும் இனிப் பொறுக்கமாட்டோம் என்றும்தானே கூடினார்கள்! தன்மீது ஓங்கிய கையைத் தட்டிக் கேட்ட பரம்பரை, தன் பிள்ளைமீது ஓங்கச் சொல்லி அடுத்தவர் கையிலே பிரம்பைத் தரலாமோ? 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்துவதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுத்தேவிட்டது.

“பிரம்பு போனால் வகுப்பை எப்படி அடக்குவது?” என்று கேட்கிறார், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியத் தங்கை. கேலிக்குரிய கேள்வியல்ல. முப்பது வாய்கள் ஒன்றாய்த் திறந்தால் முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனால், அடக்குவது என்ற சொல்லிலேதான் கோளாறு, தங்கையே! சிங்கத்தையா வைத்திருக்கிறீர்கள்?

விடை தேட வெளிநாடு போகவேண்டாம். 2003ஆம் ஆண்டு, நமது சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளிலே தொடங்கியது செயல்வழிக் கற்றல். ஆணையராயிருந்த விஜயகுமார் முன்னின்றார். ரிஷிவேலிப் பள்ளியார் கிராமங்களிலே கண்ட முறை வழிகாட்டியது. நாற்காலி நகர்ந்தது; ஆசிரியர் பாயிலே பிள்ளைகளோடு அமர்ந்தார். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. எந்த அட்டைக்குப்பின் எந்த அட்டை என்று காட்ட ஓர் ஏணிப்படம். விரைபவன் ஏறுவான், தயங்குபவன் நின்று ஏறுவான், அவனை ‘மக்கு’ என்பாரில்லை. சுவரின் அடியிலே, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்திலே கரும்பலகை! எழுதவும் அழிக்கவும் வேலை இருக்கும்போது, பக்கத்துப் பையனைக் கிள்ளக் கை ஏது? 2007-08இல் கழக ஆட்சியிலே தமிழகமெங்கும் பரவிற்று. தொடங்கியபோது ஆண்டவர்கள் வேறு கட்சியார்தாம்; அதற்காக நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கென்ன தயக்கம்?

குறையே இல்லையா? இருந்தது. அட்டை கிழிந்தால் மாற்று வராத பள்ளி உண்டு. அட்டையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய ஆசிரியரும் உண்டு. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து பாடம். பெயர் மாறிற்று, கரு ஒன்றுதான்.

இன்னொன்று. காலை வகுப்பிலே சுருண்டு கிடக்கும் சிறுவனைச் சோம்பேறி என்று ஏசுமுன், சாப்பிட்டானா என்று கேளுங்கள். விடியுமுன் காசிமேட்டுக்கு மீனெடுக்கப் போன தாய் எப்போது அடுப்பு மூட்டுவாள்? 1920இலேயே பிட்டி தியாகராயர் தலைமையிலே மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியிலே சோறிட்டது இதையறிந்துதான். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் இதையறிந்துதான்.

அந்தத் தாய் நெத்திலியைக் கூறு கட்டுகிறாள். பையன் பக்கத்திலிருந்து சில்லறை எண்ணித் தருகிறான். பள்ளியிலே அவனுக்குக் கணக்கு வரவில்லையாம்! வகுத்தலை அந்தக் கூறிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தங்கையே. அதிகம் கத்துகிற பயலிடமே அட்டை பகிர்ந்தளிக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். குரலை உயர்த்தாமல், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் வாரத்திலே எல்லாப் பெயரும் மனப்பாடமாக வேண்டும். பட்டியலைப் பார்த்து அழைப்பவரைப் பிள்ளை மதிப்பதில்லை.

தோழர்களே! உங்களுக்கும் வேலையிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கு என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். “என் மகன் அடங்குகிறானா?” என்று கேட்காதீர்கள், “என்ன படித்தான், வாசித்துக் காட்டட்டும்” என்று கேளுங்கள். ஷிப்ட் இருக்கிறது என்பீர்கள். மச்சான் கல்யாணத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனீர்களே, அதுபோல ஒருநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.