'டிரான்ஸ்' படமும் என் மேஜை டிராயரில் இருந்த மாத்திரை டப்பாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள் மக்களே.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மகன் டிவியில் 'டிரான்ஸ்' என்ற மலையாளப் படத்தைப் போட்டான். 2020 பிப்ரவரியில் வந்த படம். அன்வர் ரஷீத் இயக்கம், ஃபஹத் ஃபாசில் நடிப்பு. வந்த சில வாரத்திலேயே கொரோனாவால் தியேட்டர்களை மூடிவிட்டார்கள். அதனால் பலரும் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்திருப்பீர்கள். நம்ம குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மலையாளப் படம் பார்க்க சப்டைட்டில் தேவையில்லை. அதிலும் இந்தப் படத்தின் நாயகனுக்கு ஊரே கன்னியாகுமரிதான்.

இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள், கதை தெரியக்கூடாது என்றால், இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

விஜு பிரசாத் ஒரு சின்ன தன்னம்பிக்கைப் பேச்சாளர். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவன். ஆனால் அம்மா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். மனநோயோடு போராடும் தம்பியும் அப்படியே போய்விடுகிறான். விஜு ஊரை விட்டு மும்பைக்குப் போகிறான். அங்கே இரண்டு பெரிய வியாபாரிகள் அவனைப் பிடித்து, ஜோஷ்வா கார்ல்டன் என்று பெயர் மாற்றி, பைபிள் வசனம் பழக்கி, நோய் தீர்க்கும் பாஸ்டராக மேடையேற்றுகிறார்கள். கௌதம் மேனனும் செம்பன் வினோதும் அந்த வியாபாரிகள். கூட்டம் குவிகிறது, பணம் குவிகிறது. தாமஸ் என்ற ஏழை, விநாயகன் நடித்திருக்கிறார், இந்தப் பாஸ்டரை நம்பி, நோயில் கிடக்கும் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கிறான். குழந்தை இறந்துவிடுகிறது.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டில் பட்டிமன்றம்தான்.

மைனிக்கு மனசு சரியில்லை. சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர். "எங்க ஆளுகள மட்டும் ஏன் காட்டணும்? மத்ததுல இந்தக் கூத்து இல்லியா?" என்று கேட்டார். தம்பி மகன், "முதல் பாதி சூப்பர், ரெண்டாம் பாதி இழுவை" என்றான். மருமகள் ஃபஹத் நடிப்பைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து போகும்போது, "இவன்கிட்ட எல்லாம் ஏமாறுற ஜனங்களைச் சொல்லணும்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

படம் வந்த காலத்திலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். விமர்சகர்கள் ஃபஹத்தைப் புகழ்ந்தார்கள். அமல் நீரத்தின் ஒளிப்பதிவையும் ரசூல் பூக்குட்டியின் ஒலியையும் புகழ்ந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு படம் தடம் மாறுகிறது என்றும் பலர் எழுதினார்கள். ஒரு மதத்தைக் குறிவைக்கிறது என்று சிலர் கோபப்பட்டார்கள். துணிச்சலான படம் என்று சிலர் கைதட்டினார்கள்.

மைனியின் வருத்தத்தை நான் ஒதுக்கமாட்டேன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கும் உண்டு, கார்த்திகைக் கொழுக்கட்டையும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் நம் சாமியைக் கிண்டல் செய்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் படம் குறிவைப்பது ஜெபத்தை அல்ல, ஜெபத்தை வியாபாரமாக்குகிறவனை. இன்னொன்றையும் கவனியுங்கள். விஜு தன்னம்பிக்கை வகுப்பில் பேசியபோது இருந்த அதே குரல்தான் பாஸ்டர் ஆன பிறகும். அதே கை வீச்சு, அதே ஏற்ற இறக்கம். கோட்டு மட்டும்தான் மாறியிருக்கிறது. காவி கட்டினாலும் அந்தக் குரல் பொருந்தும். 'ஆறு மாதத்தில் கோடீஸ்வரன் ஆகலாம்' என்று ஹோட்டல் ஹாலில் கூட்டம் போடுகிறார்களே, அங்கேயும் பொருந்தும்.

தம்பி மகன் சொன்னதில் பாதி உண்மை. இடைவேளைக்குப் பிறகு படம் கொஞ்சம் அலைகிறது. எனக்கும் அந்த ஆம்ஸ்டர்டாம் முடிவு ஒட்டவில்லை. ஆனால் என் குறை வேறு. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அத்தனை பேரில் தாமஸ் ஒருவனின் வீட்டுக்குள் மட்டும்தான் கேமரா போகிறது, அதுவும் கொஞ்ச நேரம். மற்றவர்கள் ஏன் வந்தார்கள்? எந்த வீட்டில் என்ன நடந்தது? அது தெரியாததால், பார்க்கிறவர்களுக்கு அவர்கள் வெறும் கூட்டமாகத் தெரிகிறார்கள். அதனால்தான் என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தை வந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதே வார்த்தையை, அதைவிட மோசமாக, நானே ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவே வலிப்பு வந்து விழுந்தான். உங்களில் சிலர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையில் இரும்பு கொடுத்தால் நின்றுவிடும் என்று அப்போது எனக்கும் எண்ணம். அது தவறு என்று பிறகுதான் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மத்தியான வேளை மாத்திரையை நான் கொடுக்க வேண்டும் என்று அவன் அம்மா வந்து கேட்டாள். கேமரா பிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாவில் மாத்திரைகளைப் போட்டுத் தந்தாள். என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். சத்துணவு சாப்பிட்டுவிட்டு வருவான், ஒன்று கொடுப்பேன். மாதா மாதம் அவள் வந்து டப்பாவை நிரப்பிவிட்டுப் போவாள். எட்டு மாதம் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள் டப்பாவைத் திரும்ப வாங்க வந்தாள். "இனி வேண்டாம் டீச்சர், அவனுக்குச் சொகமாயிட்டு" என்றாள். ஓர் இடத்துக்கு மூன்று நாள் போயிருக்கிறாள். எந்த இடம், எந்தச் சாமி என்று கேட்காதீர்கள், அது இங்கே முக்கியமில்லை. மாத்திரை கொடுத்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு வந்த கோபத்தில், மற்ற ஆசிரியர்களும் பிள்ளைகளும் பார்க்க, "படிக்காத ஜனங்க புத்தி இதுதான். பிள்ளையக் கொன்னுதான் போடப்போற" என்றேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் அவனுக்கு நிற்காமல் வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிழைத்துக்கொண்டான், அதற்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வரவில்லை. டி.சி. வாங்க அவன் மாமாதான் வந்தார். அவர்கள் வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை.

அக்கம்பக்கத்தார் மூலம் பின்னால் தெரிந்தது. புருஷன் அவளை விட்டுப்போய் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. பிள்ளையின் நோய்க்கு அவள் வீட்டுப் பாவம்தான் காரணம் என்று மாமியார் வீட்டில் ஏச்சு. அந்த இடத்தில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாளாம். எட்டு மாதமாக அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறாள். "நீ எப்படி இருக்க?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆக, நான் சொன்ன மருத்துவம் சரி. ஆனால் அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அதனால் அவள் என்னை நம்பவில்லை, அவர்களை நம்பினாள்.

'டிரான்ஸ்' படத்தில் எனக்கு உறைத்தது இதுதான். ஏமாற்றுகிற விஜுவும் ஏமாறுகிற தாமஸும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். துக்கம், பயம், பேச ஆள் இல்லாமை. முட்டாள்தனம் அந்த வாசல் அல்ல. நம்மில் படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் இப்படிப்பட்ட இடங்களில் மாட்டியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'நானெல்லாம் ஏமாறமாட்டேன்' என்ற நினைப்போடு இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், படம் பார்த்த பலன் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தாயத்து, மந்திரத்தால் சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டு அடுப்படியில் நடக்கும் பேச்சுக்குள் சட்டம் வந்து நிற்காது. அங்கே நிற்க வேண்டியது நாம்தான்.

உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஓர் இடத்துக்குப் போக ஆரம்பித்தால், தயவுசெய்து கிண்டல் செய்யாதீர்கள். சத்தம் போடாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். என்ன கஷ்டம் என்று கேளுங்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "கும்பிடு, மாத்திரையையும் போடு" என்று சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர் எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும், அன்றே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. குறைப்பதென்றாலும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதை நெருங்கியிருக்கும். அவன் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு யார் என்று தெரிந்திருக்கும். பெயரைக் கமெண்டில் போட வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள். அவன் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை நடக்க இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்