பழைய வேனுக்குப் புதுக் கதவுப் பலகை: யோசித்துச் செய்வோம்

மாருதி ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஆனாலும் மளிகைச் சரக்கு ஏற்ற அந்த வேனையே நம்பியிருக்கும் சிறு வியாபாரிகள் உண்டு. புதிய ரக வண்டியின் கதவு உள்பலகையையும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் சுவிட்சையும் சென்னை புதுப்பேட்டையில் வாங்கி அதில் மாட்டலாமா என்று கேட்போருக்கு நமது கருத்து இது.

பலகையைத் தாராளமாக மாற்றலாம். ஆனால் புதிய பலகையின் கிளிப்புக்குப் பழைய கதவின் துளை பொருந்தாது. புதிதாகத் துளை போட்டால் உடனே பிரைமர் பூச வேண்டும். இல்லையேல் எக்கியார்குப்பம், மரக்காணம் உப்பளக் காற்று அங்கேதான் துருவைத் தொடங்கும். பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். கதவின் அடியில் நீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள்.

சுவிட்ச் விஷயம் வேறு. உப்பு ஈரம் பட்டால் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைப் பழைய ஒயர் தாங்காது, சூடேறி உருகும். பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், ரிலே அவசியம்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் பகுதி வெள்ளத்தில் தவித்ததை நாம் மறக்கவில்லை. வண்டிக்குள் நீர் புகுந்து மின்சாரம் நின்றால் சுவிட்ச் கைவிடும், கைப்பிடி கைவிடாது. எனவே ஓட்டுநர் பக்கக் கதவிலாவது பழைய கைப்பிடியை விட்டுவையுங்கள். அழகு பிறகு, உயிரும் சரக்கும் முதலில்.