கிட்டப் போனால்தான் படம்

செல்போனிலேயே பளபளவென்று படம் வருகிற காலத்தில் ஃபிலிம் கேமராவைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று கேட்காத நண்பர்கள் இல்லை. தங்கமணி கேட்பது இன்னும் நேரடியான கேள்வி: "இதுக்கு மாசம் எவ்வளவு ஆகுது?" அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்து, வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ சொந்தபந்தங்களைப் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, ஒரே லென்ஸ் உள்ள சின்ன ரேஞ்ச்ஃபைண்டரை விடப் பொருத்தமான குடும்பக் கேமரா கிடையாது.

என்னுடையது கேனன் கேனோநெட் க்யூ.எல்.17 ஜி-3. 1972-ல் வந்த மாடல். 2017-ல் சாந்தினி சௌக், கூச்சா சௌத்ரி கேமரா சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே பிடித்தேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை, குளிர்கால ஜாக்கெட் பையில் அடங்கிவிடும் உருவம். 40 மில்லிமீட்டர், எஃப் 1.7 லென்ஸ். கழற்ற முடியாது, மாற்ற முடியாது, ஜூம் கிடையாது. லைக்கா வாங்க நினைத்து, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கென்றே செய்த மாதிரி ஒரு பொட்டி :-)

40 ஏன் விசேஷம்? 35 எம்.எம். ஃபிலிமின் ஒரு ஃபிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதன் மூலைவிட்டம் சுமார் 43. லென்ஸின் குவிய தூரம் அதை ஒட்டி இருந்தால் படம் விரிந்தும் தெரியாது, நசுங்கியும் தெரியாது. செல்போனின் பிரதான கேமரா பெரும்பாலும் 24, 26 கணக்கில் வரும். அதனால்தான் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற சித்தப்பா எப்போதும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிகிறார்.

கணக்கும் சுலபம். எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ, அதில் பத்தில் ஒன்பது பங்கு அகலம் படத்தில் விழும். இரண்டு மீட்டரில் நின்றால் 1.8 மீட்டர், அதாவது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர். ஒரு மீட்டருக்கும் கீழே போனால் ஒரு முகமும் தோளும். இதன் மிகக் குறைந்த தூரம் 0.8 மீட்டர். ஒரு மாதம் பழகினால் கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பே எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்துவிடும். ஒரே லென்ஸின் அருமை அதுதான். எதைப் போடலாம் என்ற யோசனையே இல்லை, எங்கே நிற்கலாம் என்பது மட்டும்தான்.

ஜூம் வைத்திருப்பவர் வாசலில் நின்றுகொண்டே அடுக்களையைப் படம் எடுக்கலாம். என் லென்ஸ் அதை அனுமதிக்காது. அம்மா அடுப்படியில் நிற்பதை எடுக்க வேண்டுமானால் நானும் அடுப்படிக்குள் போக வேண்டும். போனால் சும்மா இருக்க முடியுமா? "எய்யா, அந்தத் தேங்காயை எடுத்துக் குடு" என்பாள். பத்து நிமிஷம் பேச்சு ஓடும், நடுவில் ஒரு படம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து ஊருக்குப் போய், கடைசிப் பத்தடியை ஜூம் போட்டுக் கடப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

அப்பா 2022-ல் தவறியபோது, மாலை போட ஒரு படம் தேடினோம். குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் அப்பா இருந்தார். கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், கோயில் பிராகாரத்தில் பாதி முகமாக, வீடியோ காலின் ஸ்கிரீன்ஷாட்டில் நெற்றி மட்டும். வெட்டிப் பெரிதாக்கினால் முகம் மாவு மாதிரி கரைந்தது. கடைசியில் சட்டம் போட்டது 2019 பொங்கலுக்கு எடுத்த ஒரு ஃபிலிம் படம். ஒன்றரை மீட்டர் தூரம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். "இதுலதான்யா உங்கப்பா பேசுற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தூரத்தில் நின்றால் பேசாமல் இருக்க முடியாது.

ரேஞ்ச்ஃபைண்டர் இதற்கு ஒத்துழைக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். வ்யூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அதில் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. என் பெண் ஏழு வயதில் இதைக் கற்றுக்கொண்டாள். எஸ்.எல்.ஆர். மாதிரி உள்ளே கண்ணாடி தூக்கி விழுவதில்லை, அதனால் க்ளிக் செய்யும் நொடியிலும் எதிரே இருப்பவர் மறைவதில்லை. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, சத்தம் ஒரு சின்ன "டிக்". எதிரில் இருப்பவர் கதையை நிறுத்த மாட்டார். ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் 400 ஃபிலிம், எஃப் 1.7, முப்பதில் ஒரு நொடி, கை ஆடாமல் எடுத்துவிடலாம். நல்ல வெயிலில் 200 ஃபிலிம் என்றால் எஃப் 11, ஐந்நூறில் ஒரு நொடி, தூரம் மூன்று மீட்டர் என்று வைத்துவிடுங்கள். இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாகவே இருக்கும். ஓடுகிற குழந்தைக்கும் சமாளிக்கும்.

குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இதற்கான பாதரச பேட்டரி இப்போது கிடையாது. காதுமிஷினுக்குப் போடும் 675 துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு ரப்பர் வளையம் சுற்றிப் போட்டால் மீட்டர் கிட்டத்தட்ட சரியாகக் காட்டும். பேட்டரியே இல்லாவிட்டாலும் மேனுவலில் ஷட்டர் வேலை செய்யும். மேனுவலில் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்தால் வ்யூஃபைண்டர் காட்டிக்கொடுக்காது. விமானத்தில் போகிறவர்கள் ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. புதிய சி.டி. ஸ்கேனர் உள்ள இடத்தில் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. மேடைக் கச்சேரி, பள்ளி விளையாட்டு விழா போன்றவற்றுக்கு இது ஆகாது, போனையோ ஜூமையோ எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம்.

இப்போது தங்கமணியின் கேள்வி. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் நம்மூர் ஃபிலிம் போட்டுக்கொண்டிருந்தது ஒரு காலம். அது மூடியாகிவிட்டது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் இறக்குமதி. ரோல், கழுவுகிற செலவு, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஒரு படத்துக்கு நாற்பது ஐம்பது ரூபாய் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல்தான். குடும்பத்தோடு ஒரு தடவை ஓட்டலுக்குப் போகிற செலவு. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது ரூபாய் என்று தெரிந்தால் தட்டில் இருக்கும் இட்லியை யாரும் படம் எடுப்பதில்லை. அத்தை முகத்துக்கு ஐம்பது ரூபாய் தரலாமா என்றால் தாராளமாகத் தரலாம்.

முப்பத்தாறில் பத்து தேறும். அந்தப் பத்தையும் பிரிண்ட் போட்டு ஒரு செட் ஊருக்கு, ஒரு செட் இங்கே. பின்பக்கம் பென்சிலில் தேதியும் பெயரும் எழுதுகிறோம். டெல்லியில் பிறந்த என் பெண் பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லோரையும் அடையாளம் சொல்வது இந்த ஆல்பத்தை வைத்துத்தான். வாட்ஸப்பில் வந்தவற்றில் ஒன்றைக் கூட அவள் இரண்டாவது தடவை திறந்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போய் கேனோநெட் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. யாஷிகா, மினோல்டா, ஒலிம்பஸ் என்று அந்தக் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர்கள் பல வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஏணி போட்டு ஏறிப் பாருங்கள். லென்ஸில் பூஞ்சை இல்லாமல், ஷட்டர் திறந்து மூடினால் ஒரு ரோல் போட்டுவிடலாம். ஒன்றும் கிடைக்கவில்லையா, போனையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜூமைத் தொடாதீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் பேச ஆரம்பித்த பிறகு எடுங்கள்.

டிஸ்கி: லைக்கா வைத்திருப்பவர்கள் மேல் எனக்குப் பொறாமை எதுவும் கிடையாது. நம்புங்கள் :-)