முன்னுரையில் விடுபட்டோர்

நூலொன்று வெளிவருகின்றது. முகப்பிலே ஒருவர் பெயர் மட்டும் துலங்குகின்றது. அது தனியொருவர் உழைப்போ, பலர் தோள்கொடுத்த சுமையோ என்பதை முன்னுரையைப் புரட்டினாலன்றி அறிதல் இயலாது. அங்கும் ஆசிரியர் வாய் திறவாராயின், அம்மௌனத்தைக் களவென்று கூறாது வேறு என்னென்று கூறுவது?

எம் நாட்டு அகராதிகளையே பாருங்கள். நைற் பாதிரியார் யாழ்ப்பாணத்திலே தமிழ்ச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். அவ்வேலையின் தொடர்ச்சியாக 1842 இல் ஏறத்தாழ 58,500 சொற்களோடு தமிழகராதி ஒன்று மானிப்பாயில் அச்சேறிற்று. அதற்காக உழைத்தவர் உடுவில் சந்திரசேகர பண்டிதர். உலகமோ அதனை அச்சேறிய ஊரின் பெயரால் மானிப்பாய் அகராதி என்கின்றது. பண்டிதர் பெயரைச் சொல்வார் அரியர். இருபது ஆண்டு கழித்துச் சென்னையில் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியோ இன்றும் வின்சிலோ அகராதிதான். நைற் முதலியோரின் பங்கை வின்சிலோ தம் முன்னுரையில் மறைத்தாரல்லர். அவ்வளவில் அவர் நேர்மையாளரே. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் பட்ட பாட்டை நம்மவர் மறக்கவில்லை. அதனை இங்கு விரித்தல் வேண்டா.

மறுபுறத்தே உ. வே. சாமிநாதையரை நோக்குக. 1887 இல் சிந்தாமணியைப் பதிப்பித்த காலந்தொட்டு, ஏடு உதவியவர் இன்ன ஊர் இன்னார் என்று முன்னுரைகளிலே குறித்துவந்தார். மணிமேகலையின் பௌத்தக் கருத்துக்கள் பிடிபடாது திகைத்தபோது, கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த அரங்காசாரியார் விளக்கந் தந்தார். அவ்வுதவியை ஐயர் ஒளிக்கவில்லை. 'எனக்கு விளங்கவில்லை, அவர் விளக்கினார்' என்று ஒப்புக்கொண்டதால் அவருடைய புலமைக்கு என்ன குறை வந்தது?

இன்று எம்மிடையே நடப்பது யாது? இதனை எழுதுவோனுக்கே ஓர் அனுபவம் உண்டு. என் பாட்டனார் தம் கமத்தைப் பற்றி எழுதிவைத்த கொப்பியொன்று எம் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. மொட்டைக்கறுப்பனை எந்தத் தரையில் எப்போது விதைத்தார், எந்த ஆண்டில் மழை பொய்த்தது, எத்தனை பறை நெல் கண்டார் என்பனவெல்லாம் அதில் உள. ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்து, திண்ணையிலிருந்து, அன்போடு பேசி, அதனை இரவல் வாங்கிச் சென்றார். நூல் வந்தது. நன்றியுரையிலே பணம் உதவிய நிறுவனம் இருந்தது. பேராசிரியர் மூவர் இருந்தனர். படம் பிடித்தவரும் இருந்தார். பாட்டனார் மட்டும் 'ஒரு விவசாயி' ஆகிவிட்டார். அவருக்குப் பெயர் இல்லையா? ஊர் இல்லையா? கொப்பியின் முதல் தாளிலேயே இரண்டையும் முத்து முத்தாக எழுதியிருந்தாரே!

தேநீர் தந்தவர் வரை அனைவரையும் அடுக்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. நூலைப் படித்தேயிராத பெரியவர்களின் பெயரைக் காவலுக்கு நிறுத்தும் நன்றியுரைகளும் உள. அவை வேறு வகைப் பொய். எவர் தந்த செய்தியின்றி அந்நூலின் ஒரு பகுதி எழுதப்பட்டிராதோ, அவர் பெயர் வரல் வேண்டும். ஏட்டைத் தந்தவர், வாய்மொழியாய்ச் சொன்னவர், பிழை திருத்தியவர், வெயிலில் அலைந்து விபரம் சேர்த்த மாணவர் ஆகியோர் இவ்வகையினர். தம் பெயர் வேண்டாம் என்பாரும் உளர். 2009 வரை நிகழ்ந்த போரைப் பற்றிச் சாட்சி சொன்ன தாய்மாரின் பெயரை அவர்களைக் கேளாது அச்சிடுதல் நன்றியன்று, கொடுமை. ஆதலால் கேட்டறிதலே முதற் கடமை. கேட்டபின் பெயரையும் ஊரையும் பிழையின்றி எழுதுக. நூலின் பிரதியொன்றை அவர் வீட்டிற்கு அனுப்புக. இதற்குச் செலவாவது ஓர் அஞ்சற் தலை.

வெளியீட்டு விழா மேடைகளில் வீற்றிருக்கும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் வாழ்த்துரைக்கு எழுமுன், நன்றியுரையை ஒருமுறை படித்துவிட்டு எழுவார்களாக. படித்தபின் நூலாசிரியரை நோக்கி ஒரு கேள்வி கேட்கவும் அஞ்சாதிருப்பார்களாக.

பாட்டனாரின் கொப்பியைத் திருப்பித் தருமாறு இருமுறை எழுதினேன். மறுமொழி இன்னும் வரவில்லை.